பாட்டு எந்தப் பக்கம் போகிறது?

(ராசிபுரத்தில் மைக் செட், டீஜே தொழில் செய்வோர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பழகிய மைக் செட் அண்ணன்மார் உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்னால், முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் லேப்டாப்பும் கன்ட்ரோலருமாக ஓடுகிற தம்பிகள் நிற்கிறீர்கள். இரண்டு தரப்பும் ஒரே கூரையின் கீழ் கூடுவது அபூர்வம். அதனால் வாடகை, போட்டி, போலீஸ் அனுமதி என்று பரந்து போகாமல் ஒரே ஒரு எஃபெக்ட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். டீஜே மிக்சரில் ‘பேன்’ அல்லது ‘ஆட்டோ பேன்’ என்று எழுதியிருக்கும். அதைப் போட்டால் பாட்டு இடது பாக்ஸிலிருந்து வலது பாக்ஸுக்கும், அங்கிருந்து திரும்ப இடதுக்கும் ஓடும். நம் சேலம், நாமக்கல் பக்கத்து மண்டபங்களிலும் பண்டிகை மேடைகளிலும் இது அளவுக்கு மீறிப் பயன்படுகிறது என்பது என் கருத்து. சரியான இடத்தில் போட்டால் உடம்பு சிலிர்க்க வைக்கும் என்பதும் என் கருத்துதான். இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

முதலில், உள்ளே அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு ஒலி இடது, வலது இரண்டு பாக்ஸிலும் சம அளவில் வந்தால், இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து அது வருவதுபோல் கேட்கும். இடதைக் கூட்டி வலதைக் குறைத்தால் ஒலி இடது பக்கம் நகரும். கையால் திருப்பினால் அது பேன் நாப். கருவி தானாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் ஆட்டோ பேன். திருப்புகிற வேலையைச் செய்வது மிக மெதுவாக ஆடும் ஓர் அலை. அது நம் காதில் விழாது. இடது வால்யூமை ஏற்றும்போது வலதை இறக்கும், பிறகு மாற்றிச் செய்யும். அந்த அலை வளைவாக இருந்தால் பாட்டு வழுக்கிக்கொண்டு போகும். சதுரமாக இருந்தால் தாவும். எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பது டெப்த்; எவ்வளவு வேகம் என்பது ரேட். டீஜே கருவிகளில் இந்த ரேட்டைப் பாட்டின் தாளத்தோடு பூட்டிவிடுகிறார்கள். 120 பிபிஎம் பாட்டில் ஒரு பீட் அரை வினாடி. நான்கு பீட்டுக்கு ஒரு சுற்று என்று வைத்தால் 2 வினாடி. எட்டுக்கு வைத்தால் 4 வினாடி. பயனியர் டிஜெஎம்-600 மிக்சரில் வேலை செய்த மூத்த டீஜேக்களுக்கு, எக்கோ, ஃபிளாஞ்சர் வரிசையில் இதுவும் இருந்தது நினைவிருக்கும்.

ஒலியை நகர்த்தும் எண்ணம் டீஜே மேடையில் பிறந்ததில்லை. சினிமாக் கொட்டகையில் பிறந்தது. இங்கிலாந்தில் இ.எம்.ஐ. ஆய்வகத்தில் வேலை பார்த்த ஆலன் புளூம்லைன் என்ற பொறியாளர் பின்னாளில் தன் மனைவியான பெண்ணோடு படம் பார்க்கப் போயிருந்தார். நடிகர் திரையின் ஓர் ஓரத்தில் நிற்கிறார். குரல் வேறிடத்திலிருந்து வருகிறது. நடிகர் போகிற பக்கமே குரலும் போக ஒரு வழி எனக்குத் தெரியும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாராம். 1931 டிசம்பரில் அதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்றைய ஸ்டீரியோவின் அடிப்படை அந்த விண்ணப்பத்தில் இருக்கிறது. 1935-இல் சோதனைப் படங்கள் எடுத்தார்கள். மேடையில் சிலர் பேசிக்கொண்டே குறுக்கே நடப்பார்கள். பேச்சும் கூடவே நடக்கும். மேடை முழுக்க வேறு எதுவும் நடக்காத அந்தச் சின்னப் படம்தான் இன்று நீங்கள் போடும் பேன் எஃபெக்ட்டின் மூத்த உறவு. புளூம்லைன் 1942-இல், 38 வயதில், ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து இறந்துபோனார்.

அதே 1935-இல்தான் நம் சேலத்தில், ஏற்காடு மலையடிவாரத்தில், டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ அங்கிருந்து வந்தது. நிறம் வந்துவிட்டது, ஒலி ஒரே தடத்தில்தான் இருந்தது. பாடகர், வயலின், தபலா எல்லாம் திரைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரே இடத்தில் வந்தன. அதைத்தான் மோனோ என்கிறோம். நம் பக்கத்துக் கோயில் கம்பங்களில் கட்டிய குழாய்களில் ஓடிய பாட்டெல்லாம் அதுதான். ஸ்டீரியோவில் பதிவான தமிழ்ப் படப் பாடல்கள் என்று பலரும் முதலில் நினைப்பது 1978-இல் வந்த ‘பிரியா’வை. வெளிநாட்டில் 1940-லேயே வால்ட் டிஸ்னியின் ‘ஃபேன்டேசியா’வுக்காக, இசையைத் திரையின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்த்தும் நாப் செய்துவிட்டார்கள். 1967-இல் லண்டனில் பிங்க் ஃபிளாய்ட் குழு, கூட்டத்தைச் சுற்றி ஸ்பீக்கர் வைத்து, ஒரு கைப்பிடியை ஆட்டி ஒலியை அரங்கம் முழுக்கச் சுழலவிட்டது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த இடங்களில் எல்லாம் கேட்பவருக்கு ஒரு நாற்காலி இருந்தது. அவர் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார், எவ்வளவு தூரத்தில் உட்காருவார் என்று ஒலி அமைத்தவருக்கு முன்கூட்டியே தெரியும். நம் பண்டிகையில், ரிசப்ஷனில், ஊர்வலத்தில் அது தெரியுமா?

காதின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். இரண்டு காதுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு சாண். வலது பக்கத்திலிருந்து வரும் ஒலி வலது காதுக்கு முதலிலும், இடது காதுக்குக் கொஞ்சம் தாமதமாகவும் சேரும். அதிகபட்சத் தாமதம் ஒரு மில்லி வினாடியில் முக்கால் பங்கைக்கூட எட்டாது. ஒரு மில்லி வினாடி என்பது வினாடியில் ஆயிரத்தில் ஒன்று. அவ்வளவு சின்ன வித்தியாசத்தை வைத்து மூளை திசையைச் சொல்லிவிடுகிறது. தடித்த ஒலிகளுக்கு நேர வித்தியாசத்தையும், கீச்சான ஒலிகளுக்குச் சத்த வித்தியாசத்தையும் காது பெரும்பாலும் நம்புகிறது என்று ரேலி பிரபு 1907-இல் எழுதினார். 1949-இல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் இன்னொன்றைக் காட்டினார். ஒரே ஒலி இரண்டு ஸ்பீக்கரிலிருந்து வந்தால், எது முதலில் காதுக்கு வந்து சேர்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் முழு ஒலியும் வருவதாக நமக்குப் படும். பிந்தி வருவது 20, 30 மில்லி வினாடி பிந்தினாலும், கொஞ்சம் சத்தம் கூடுதலாக இருந்தாலும்கூட, முந்தி வந்ததுதான் ஜெயிக்கும்.

நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். பாடி கட்டும் பட்டறையிலிருந்து வண்டி வெளியே வந்ததும் கேபினில் நல்ல ஸ்டீரியோ செட் போடுகிறோம். டிரைவர் வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்காருகிறார். அவருக்கு எல்லாப் பாட்டும் வலதிலிருந்து வருகிறது. கிளீனருக்கு எல்லாம் இடதிலிருந்து வருகிறது. ஒரே கேபின், ஒரே பாட்டு, ஆளுக்கொரு பக்கம். நடு இஞ்சின் மேடையில் யாராவது உட்கார்ந்தால் அவருக்கு மட்டும்தான் அது முழு ஸ்டீரியோ.

மண்டபத்துக்கு வருவோம். ஆத்தூரிலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் மண்டபங்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முன்னால் மேடை. மேடையின் இரண்டு ஓரத்திலும் பாக்ஸ். நடுவே வாசல் வரைக்கும் சிவப்புக் கம்பளம். கம்பளத்தின் இரண்டு பக்கமும் நாற்காலி. இரண்டு பாக்ஸுக்கும் இடையே 40 அடி, அதாவது 12 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது பாக்ஸுக்கு நேர் எதிரே 2 மீட்டரில் மணமகளின் பெரியம்மா உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் வலது பாக்ஸுக்கும் 12 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நம் ஊர் வெயிலுக்கு ஒலி வினாடிக்கு 350 மீட்டர் போகும். ஆக, வலது பாக்ஸின் ஒலி அவருக்குச் சுமார் 29 மில்லி வினாடி பிந்தி வருகிறது. சத்தத்திலோ, வெட்டவெளிக் கணக்குப்படி 15 டெசிபெலுக்கு மேல் குறைகிறது. சுவரில் பட்டு எதிரொலிப்பதால் மண்டபத்துக்குள் வித்தியாசம் கொஞ்சம் குறையும், திசை மாறாது.

இப்போது நீங்கள் எட்டு பீட் பேன் போடுகிறீர்கள். பெரியம்மாவுக்கு என்ன கேட்கும்? பாட்டு நடுவே இருக்கும்போதும் அவருக்கு இடது பாக்ஸிலிருந்துதான் வருகிறது. வலது பக்கம் பாதி தூரம் போன பிறகும் இடதிலிருந்துதான் வருகிறது. கடைசியில் இடது பாக்ஸ் முழுக்க அடங்கும்போது, திடீரென்று மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து மெலிசாகக் கேட்கிறது. ஒரு வினாடியில் மறுபடியும் காதுக்குப் பக்கத்தில் வந்து அடிக்கிறது. மிதந்து போகிற அழகு அவருக்கு இல்லை. பாட்டு போவதும் வருவதுமாக இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் மேடை ஓரத்தில் ஹெட்போன் போட்டுக்கொண்டு, தலைக்குள் பாட்டு சுழல்வதைக் கேட்டு ரசித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஹெட்போனில் இடது காதுக்கு இடது மட்டும், வலது காதுக்கு வலது மட்டும் போகும். இணையத்தில் ‘8டி பாட்டு’ என்று தம்பிகள் இயர்போனில் கேட்கிறார்களே, அதில் பெரும்பாலானவை ஆட்டோ பேனும் கொஞ்சம் ரிவெர்பும்தான். அந்தச் சுகம் மண்டபத்தில் யாருக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேடையிலிருந்து 12 மீட்டர் பின்னால் போனால், நடுக்கோட்டிலிருந்து இந்தப் பக்கம் 40 சென்டிமீட்டர், அந்தப் பக்கம் 40 சென்டிமீட்டர். அதற்குள் நிற்பவருக்குத்தான் இரண்டு பாக்ஸின் ஒலியும் ஒரு மில்லி வினாடி வித்தியாசத்துக்குள் வந்து சேரும். அந்த இடம் முழுக்கச் சிவப்புக் கம்பளம். அங்கே நாற்காலியே கிடையாது. வீடியோக்காரர் ஸ்டாண்டை ஊன்றிக்கொண்டு நிற்பார்.

இது ஸ்டீரியோவாகக் கட்டிய மண்டபத்தின் கதை. மோனோவாகக் கட்டிய இடத்தில் இதைவிட மோசம். இந்த மாவட்டத்தில் ஒரு மாரியம்மன் பண்டிகையில் பார்த்ததைச் சொல்கிறேன். மைக் செட் அண்ணன் தெருவெல்லாம் குழாய் கட்டியிருந்தார். ஊர் இளைஞர்கள் தனியாக டீஜே வரவழைத்திருந்தார்கள். இரண்டையும் சேர்க்க வேண்டும் என்று, டீஜே மிக்சரின் இடது அவுட்டிலிருந்து ஒரே ஒரு ஒயரை எடுத்து ஆம்ப்ளிஃபையரில் சொருகிவிட்டார்கள். வலது அவுட் சும்மா கிடந்தது. டீஜே தம்பி உற்சாகத்தில் பேன் போட்டார். மேடைக்கு முன்னால் இருந்தவர்களுக்குப் பாட்டு ஓடியது. தெருவில் இருந்தவர்களுக்குப் பாட்டு பாதிச் சுற்று வந்தது, பாதிச் சுற்று காணாமல் போனது. ஒயர் லூசாகிவிட்டது என்று மைக் செட் அண்ணன் ஏணியைத் தூக்கிக்கொண்டு கம்பம் கம்பமாக ஜாயின்ட்டைத் திருகிக்கொண்டிருந்தார். கோயில் திண்ணையில் இருந்த ஒரு ஆத்தா, “ஏங்கண்ணு, கரண்டு வந்து வந்து போகுதா?” என்று கேட்டார். கரண்டில் ஒன்றுமில்லை. ஒயரிலும் ஒன்றுமில்லை. வலது பக்கம் போன பாட்டுக்கு அந்தத் தெருவில் ஒரு ஸ்பீக்கரும் இல்லை.

இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. இரண்டு பேரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். நடுவே இருந்த ஒரு ஒயரைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. குழாய் லைனுக்கு ஒயர் கொடுக்கும்போது இடதையும் வலதையும் முறைப்படிச் சேர்த்து மோனோவாக்கிக் கொடுங்கள். பல மிக்சர்களில் மோனோ, ஸ்டீரியோ என்று சுவிட்ச் இருக்கிறது. இல்லாவிட்டால் சின்ன மிக்சர் ஒன்றை நடுவில் வையுங்கள். இரண்டு அவுட்டையும் வெறுமனே ஒரு ஜாக்கில் முறுக்கிச் சேர்க்காதீர்கள். ஒன்றின் மேல் ஒன்று மோதி ஒலி கெடும், அவுட்டுக்கும் நல்லதல்ல. அப்படி முறைப்படிச் சேர்த்த மோனோவிலும் பேன் சும்மா இருக்காது. பல கருவிகளில் பாட்டு நடுவே வரும்போது இரண்டு பக்கத்தையும் 3 டெசிபெல் குறைத்து வைப்பார்கள், ஸ்டீரியோவில் கேட்கச் சமமாக இருக்கட்டும் என்று. அதை மோனோவாகக் கூட்டினால் நடுவே வரும்போதெல்லாம் 3 டெசிபெல் ஏறும். பாட்டு நகராது, விட்டுவிட்டு வீங்கும்.

சத்தம் குறைகிறது என்று யாராவது கை காட்டினால் நாம் என்ன செய்கிறோம்? மாஸ்டரை ஏற்றுகிறோம். பேன் போய்வருவதால் குறைந்த சத்தத்தை ஈடுகட்ட, எல்லாருக்கும் சத்தத்தைக் கூட்டிவிடுகிறோம். ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000-இல் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்று வரையறை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை, மூடிய அரங்குகளுக்கு வெளியே பொதுவாக ஒலிபெருக்கி கூடாது. இந்த வரம்புக்குள் தொழில் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஓர் எஃபெக்ட்டுக்காக அதை இன்னும் கஷ்டமாக்கிக்கொள்ள வேண்டுமா?

ஊர்வலத்தில் பேன் வேண்டவே வேண்டாம் என்பேன். சேலம் குகையில் ஆடி மாதம் நடக்கும் வண்டி வேடிக்கையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அலங்கரித்த வண்டி நகரும், ஜனம் தெருவின் இரண்டு ஓரமும் நிற்கும். அப்படி ஒரு தெருவில் ஸ்பீக்கர் கட்டிய வண்டி போனால், இடது ஓரத்தாருக்கு இடது பாக்ஸ், வலது ஓரத்தாருக்கு வலது பாக்ஸ். இரண்டையும் சேர்த்துக் கேட்பவர் தெருவில் ஒருவர்கூட இல்லை. வண்டி நம்மைக் கடந்து போகும்போது ஒலி தானாகவே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போகிறது. பம்பைக்காரர் அடித்துக்கொண்டே கூட்டத்தைச் சுற்றி வரும்போதும் அப்படித்தான். அது நிஜமான நகர்வு. தெருவில் நிற்கும் ஒவ்வொருவர் காதுக்கும் சரியாகக் கேட்கும்.

இன்னொரு விஷயம் எனக்கு மனதில் கிடந்து உறுத்துகிறது. நம் பக்கம் தறி ஊர். பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளை, எடப்பாடி என்று எங்கே போனாலும் விசைத்தறி. தறிக்கூடத்துச் சத்தம் 90 டெசிபெலைத் தாண்டும். அதில் இருபது, முப்பது வருஷம் நின்றவர்களின் காது மந்தமாவது எல்லாருக்கும் தெரிந்ததுதான்; முதலில் போவது கீச்சொலி, அதாவது 4,000 ஹெர்ட்ஸ் வட்டாரம். பாட்டின் வார்த்தையைப் பிரித்துக் கேட்க உதவும் ஒலிகள் அதை ஒட்டித்தான் இருக்கின்றன. இரண்டு காதும் ஒரே அளவில் மந்தமாகும் என்றும் சொல்ல முடியாது. இந்த மனிதர்கள்தான் நம் கல்யாணங்களில் முன்வரிசையில் உட்காரும் மாமாவும் சித்தப்பாவும். நன்றாகக் கேட்கும் காது பாக்ஸ் பக்கம் இருக்கும்படி பார்த்து அந்த மாமா உட்கார்ந்திருப்பார். பாட்டை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டால், அவருக்கு அந்த அடி முழுக்கப் போய்விட்டது. தாலி கட்டிய பிறகு மணமக்களை வாழ்த்தி ஒருவர் மைக்கில் பேசும்போது, மாஸ்டரில் பேன் போட்டபடியே விட்டுவிட்ட மேடையையும் பார்த்திருக்கிறேன். எஃபெக்ட் எந்தச் சேனலுக்கு என்று தேர்ந்தெடுக்க மிக்சரில் ஒரு நாப் இருக்கிறது. அதை மாஸ்டரில் வைக்காதீர்கள். பாட்டு ஓடும் சேனலில் வையுங்கள். மைக் எப்போதும் நடுவில், அசையாமல் இருக்கட்டும். இந்த ஒன்றில் நான் யாரோடும் சமரசத்துக்குத் தயாரில்லை.

பேஸைப் பற்றிச் சுருக்கமாக. 60 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை நீளமே ஆறு மீட்டருக்குப் பக்கம். அவ்வளவு நீண்ட ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மண்டபத்துக்குள் காதால் சொல்ல முடியாது. அதை ஏன் ஓடவிட வேண்டும்? ஓடவிட்டால் இரண்டு ஆம்ப்ளிஃபையர் பங்குபோட்ட சுமை ஒன்றின் தலையில் விழும். அது கிளிப் ஆகும். டாப் பாக்ஸின் டயாபிரம் போகும். ஜெனரேட்டர் ஓட்டத்தில் இருந்தால் லைட்டும் சேர்ந்து மினுங்கும். சப் பாக்ஸை மோனோவில் ஓட்டுங்கள். எஃபெக்ட்டை லோ, மிட், ஹை என்று பிரித்துப் போட வசதியுள்ள மிக்சர் இருந்தால், லோவை அணைத்துவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் அந்தச் சேனலின் லோ நாப்பைக் குறைத்துவிட்டுப் போடுங்கள்.

தாளம் பிசகுவது அடுத்த தொல்லை. கருவி தானாகவே பிபிஎம் கணக்கிடும் என்று நம்புகிறோம். நேர்ப் போக்கில் போகிற புதுப் பாட்டுக்கு அது சரி. உருமியும் பம்பையும் கலந்து ஆறு அடி நடையில் போகிற பாட்டுக்குக் கருவி குழம்பும். ஒன்றரை மடங்காகவோ பாதியாகவோ காட்டும். அறுபது, எழுபதுகளின் படப் பாடல்களில் வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தார்கள். வேகம் கொஞ்சம் ஏறும், இறங்கும். அப்படிப்பட்ட பாட்டில் பேனைப் பூட்டினால் இரண்டாவது சரணத்துக்குள் நகர்வு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் ஆகிவிடும். டேப் பொத்தானைக் கையால் தட்டித் தட்டிச் சரி செய்யுங்கள். வேகமாகச் சுழற்றுவதும் வீண். ஒரு வினாடிக்கு இரண்டு, மூன்று சுற்றுக்கு மேல் போனால் காதால் நகர்வைத் தொடர முடியாது. வெறும் நடுக்கமாகத்தான் கேட்கும்.

இத்தனை சொன்ன பிறகும் இந்த எஃபெக்ட்டை நான் விரும்புகிறேன். ஏன் என்று கேளுங்கள்.

புதுப் பாட்டுகள் ஸ்டீரியோ. வயலினை இடதிலும் கிடாரை வலதிலும் வைத்துக் கலந்திருப்பார்கள். அதன் மேல் பேன் போட்டால், பெரும்பாலான கருவிகளில் ஒரு பக்கம் அடங்குகிறது; அந்தப் பக்கத்து வாத்தியமும் கூடவே அடங்குகிறது. பாட்டு நகர்வதாக நாம் நினைக்கிறோம். பாதிப் பாட்டு அணைந்து அணைந்து எரிகிறது. ஆனால் பழைய மோனோ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இடதும் வலதும் ஒன்றே. மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துப் பாட்டு ஒன்றின் முன்னிசையை, டெப்த்தைப் பாதிக்குமேல் போகாமல், பதினாறு பீட்டுக்கு ஒரு சுற்றாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். மொத்த வாத்தியக் குழுவும் ஒன்றாக எழுந்து நடந்துபோவது கேட்கும். அந்தக் காலத்தில் ஒரு மைக்கைச் சுற்றி நின்று வாசித்தவர்களுக்கு இதைவிட நல்ல மரியாதையை ஒரு டீஜே செய்ய முடியாது என்று நினைக்கிறேன். பாடகர் குரல் தொடங்கும்போது நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள்.

பாட்டு முழுக்கப் போடாமல், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வருவதற்கு முன் எக்கோவின் வால் மட்டும் ஓடும் இடத்தில் போடலாம். தாளக் கருவி மட்டும் அடிக்கும் நாலு அடியில் போடலாம். ஆடும் இடத்தின் நான்கு மூலையிலும் பாக்ஸ் கட்டி, எல்லாரும் நடுவில் நின்று ஆடினால், அங்கே தாராளமாகப் போடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. மண்டபத்தின் நடுக்கோட்டில் நாற்காலி இல்லை என்றேன். அந்தக் கம்பளத்தில் நடந்து வருபவர்கள் யார்? மணமக்கள். வாசலிலிருந்து மேடை வரைக்கும் அவர்கள் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் இடது பாக்ஸும் வலது பாக்ஸும் சம தூரத்தில்தான் இருக்கின்றன. வீடியோக்காரரை விட்டால், அந்த மண்டபத்தில் ஆட்டோ பேன் முழுசாக, வழுக்கிக்கொண்டு, பிசிறில்லாமல் கேட்கும் இரண்டே பேர் அவர்கள்தான். அதனால் மணமக்கள் வரும்போது மட்டும், மெல்லிய இசை ஒன்றை, பதினாறு பீட்டுக்கு ஒரு சுற்றாக, டெப்த்தைக் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ வைத்துப் போடுங்கள். அவ்வளவு குறைந்த டெப்த்தில் ஓரத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குப் பாட்டு அதிகம் குறையாது. அவருக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. கம்பளத்தில் நடக்கும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இசை தங்களைச் சுற்றி அசைவது தெரியும். அவர்கள் மேடைப் படியில் கால் வைத்ததும் நிறுத்திவிடுங்கள். அது அவர்களுக்காக மட்டும் நீங்கள் போட்டது என்று வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முகூர்த்தத்துக்குப் போகும்போது, விருந்தினர் வருவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டு, பேனை முழு டெப்த்தில் ஓடவிட்டு, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மண்டபத்தின் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும், பந்தி நடக்கும் இடம் வரைக்கும் நடந்து பாருங்கள். பெரியவர்கள் உட்காரும் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். குழாய் லைன் இருந்தால் மைக் செட் அண்ணனையும் கூடவே அழைத்துப் போங்கள். அங்கே பாட்டு காணாமல் போகிறது என்றால், அன்றைக்கு டெப்த்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் அல்லது அந்த எஃபெக்ட்டைத் தொடாதீர்கள்.